செராய் மணக்கிறது, தோல் தாங்குமா?



உங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு செராய்ப் புதர் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலாவது இருக்கும். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனவர்கள்கூட ஒரு பழைய பெயின்ட் டின்னில் மண்ணைப் போட்டு இரண்டு தண்டு நட்டு வைத்திருப்பார்கள். மீன் கறிக்கு ஒரு தண்டு, சளி பிடித்தால் கொதிக்கும் தண்ணீரில் ஒரு தண்டு என்று அது நம் வீட்டுப் பிள்ளையைப்போல் ஆகிவிட்டது.

அந்தத் தண்டை ஒடித்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். எலுமிச்சம்பழ வாசனை வருகிறது. எலுமிச்சைக்கும் புல்லுக்கும் என்ன உறவு? ஒன்று முள் மரம், மற்றொன்று புல். இரண்டுக்கும் ஒரே மணம் எப்படி வந்தது?

இந்தக் கேள்வியை வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கேட்பது வழக்கம். அப்படிக் கேட்ட ஒரு பாடம் ஒரு தாய்க்குக் கண்ணீராய் முடிந்தது. அந்தக் கதையை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சொன்னதும் சொல்லாததும்

2019ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஒரே ஆண்டில் நம் நாட்டில் 130,000 பேருக்கு மேல் டிங்கிக் காய்ச்சல் கண்டது. 182 பேர் உயிரிழந்தார்கள். எங்கள் பகுதியிலும் வீட்டுக்கு வீடு பயம். பள்ளியில் கொசு ஒழிப்புப் பற்றிப் பாடம் நடத்தினேன். தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். கூடவே, "செராய் வாசனை கொசுவுக்குப் பிடிக்காது" என்றும் ஒரு வாக்கியம் சொல்லி வைத்தேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு மாணவி மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. "அம்மை போட்டிருக்கு டீச்சர், உள்ளே வராதீங்க" என்றார் பாட்டி. எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் இரண்டு கைகளும் கால்களும் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தன. ஆனால் முகத்தில் ஒன்றுமில்லை. முதுகிலும் வயிற்றிலும் ஒன்றுமில்லை. அம்மை என்றால் உடம்பெங்கும் அல்லவா வர வேண்டும்? அந்த அறை முழுவதும் செராய் வாசனை.

தாயிடம் விசாரித்தேன். பாசார் மாலாமில் ஒரு சிறு குப்பி செராய் எண்ணெய் வாங்கியிருக்கிறார். குப்பியில் பெயரைத் தவிர வேறு ஒன்றும் எழுதவில்லை. மூன்று வாரமாகத் தினமும் மாலையில் மகளின் கைகால்களில் அந்த எண்ணெயை அப்படியே, எதிலும் கலக்காமல் தேய்த்திருக்கிறார். "நீங்கதானே டீச்சர் பாடத்துல சொன்னீங்களாம். செராய் போட்டா கொசு கடிக்காதுன்னு பிள்ளை வந்து சொன்னா" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

கிளினிக்குக் கூட்டிப் போனோம். இது அம்மை அல்ல, எண்ணெயினால் வந்த தோல் அழற்சி என்றார் மருத்துவர். இனி இந்த வாசனை உள்ள எதையும் பிள்ளையின் தோலில் படவிடாதீர்கள் என்றும் சொன்னார். கொப்புளம் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு யாரோ கொடுத்த எலுமிச்சை வாசனைக் கிரீமைப் பூசிக்கொண்டபோது அதே இடங்களில் மீண்டும் அரிப்பு எடுத்தது. அந்தத் தாய் வேண்டுமென்றா செய்தார்? மகளை டிங்கியிலிருந்து காப்பாற்றத்தான் செய்தார். பாதிப் பாடம் சொன்ன குற்றம் என்னுடையது. மீதிப் பாடத்தை இப்போது உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

மணத்தின் பெயர் சிட்ரால்

எலுமிச்சைத் தோலிலும் செராய்த் தண்டிலும் மணப்பது ஒரே பொருள். அதற்குச் சிட்ரால் என்று பெயர். பத்துக் கரிம அணு, பதினாறு ஹைட்ரஜன் அணு, ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்து அமைந்த ஒரு சிறு மூலக்கூறு அது. அதிலும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் இரண்டு வடிவம் உண்டு. ஜெரானியால் என்பது ஒன்று. அதற்கு எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கும். நெரால் என்பது மற்றொன்று. அதன் மணம் சற்று மென்மையாகவும் இனிப்பாகவும் இருக்கும். அணுக்கள் அதே அணுக்கள்தாம். ஒரு முனை மட்டும் திரும்பியிருக்கும் பக்கம் வேறு. இரண்டும் கலந்திருப்பதே சிட்ரால்.

இங்கே ஒரு வேடிக்கை பாருங்கள். எலுமிச்சைத் தோல் எண்ணெயில் சிட்ரால் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குதான். அதில் பெரும்பகுதி லிமோனின் என்ற வேறொரு பொருள். செராய் எண்ணெயிலோ நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கும் சிட்ரால்தான்! எலுமிச்சையின் மணம் எலுமிச்சையைவிடப் புல்லில்தான் நிறைந்திருக்கிறது.

மலேசியச் சமையலில் நாம் போடும் செராய் ஒரு வகை. கேரளத்தின் மலைப்பகுதிகளில் விளைவது இன்னொரு வகை. மலையாளத்தில் அதை இஞ்சிப்புல் என்பார்கள். அதைக் காய்ச்சி வடித்த எண்ணெய் கொச்சித் துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறியதால் உலகச் சந்தையில் அதற்குக் 'கொச்சி எண்ணெய்' என்றே பெயர் வந்தது. 'செராய் வாங்கி' என்று இன்னொன்று உண்டு. தண்டின் அடி செந்நிறமாக இருக்கும். அது கறிக்கு ஆகாது. அதன் எண்ணெயில் முக்கியமாக இருப்பது சிட்ரால் அல்ல, சிட்ரோனெலால் என்ற உறவுக்காரப் பொருள். கடையில் இரண்டு எண்ணெயையும் ஒன்றாகவே நினைத்து வாங்குகிறவர்கள் பலர்.

குவாந்தானிலும் ஒரு செராய்!

அத்தர், சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், தரை துடைக்கும் மருந்து என்று உலகம் முழுவதும் எலுமிச்சை மணம் கேட்கிறார்கள். அவ்வளவு சிட்ராலுக்குப் புல் போதுமா? நூறு கிலோ பச்சைப் புல்லை நீராவியில் காய்ச்சி வடித்தால் கிடைப்பது ஏறக்குறைய 300 அல்லது 400 கிராம் எண்ணெய்தான். ஆகவே இரசாயனத் தொழிற்சாலைகளில் சிட்ரால் தயாராகிறது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாபன் நகரில் பிஏஎஸ்எஃப் கம்பெனியின் மிகப் பெரிய ஆலை இருக்கிறது. நம் நாட்டிலும் உண்டு! பகாங் மாநிலம் குவாந்தானை அடுத்த கெபேங்கில் அதே கம்பெனியும் பெட்ரோனாஸ் கெமிக்கல்ஸும் கூட்டாக அமைத்த வாசனைப் பொருள் ஆலை 2017இல் திறக்கப்பட்டது. சிட்ரால் அங்கே பெட்ரோலியத்திலிருந்து வரும் மூலப்பொருள்களைக் கொண்டு செய்யப்படுகிறது.

சிட்ரால் வெறும் வாசனைக்கு மட்டும் அல்ல. 1893இல் டீமன், குரூகர் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் சிட்ராலிலிருந்து அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள். அதற்கு வயலெட் பூவின் மணம். அந்தப் பூவிலிருந்து அத்தர் எடுப்பது பெருஞ்செலவு. அயனோன் வந்த பிறகு சாமானியரின் சோப்பிலும் வயலெட் மணத்தது. பின்னாளில் அதே வழியில் வைட்டமின் ஏ-யும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். 2017 அக்டோபர் கடைசியில் லுட்விக்ஸ்ஹாபனில் இருந்த அந்தச் சிட்ரால் ஆலை தீப்பிடித்து நின்றுபோனது. உடனே உலகச் சந்தையில் வைட்டமின் ஏ-க்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. நம் கறிச்சட்டியில் மணக்கும் பொருளுக்கு எவ்வளவு தூரம் உறவு பாருங்கள்!

"இயற்கைதானே, என்ன செய்யும்?"

"ஆலையில் செய்தது கெமிக்கல், அது கெடுதல். புல்லிலிருந்து எடுத்தது இயற்கை, அது ஒன்றும் செய்யாது" என்று பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கெபேங் ஆலையிலிருந்து வந்தாலும், கொல்லைப்புறத்திலிருந்து வந்தாலும் சிட்ரால் ஒரே மூலக்கூறுதான். நம் தோலுக்கு அதன் ஊர் பெயர் தெரியாது. எவ்வளவு பட்டது, எத்தனை முறை பட்டது என்பது மட்டுந்தான் அதற்குத் தெரியும்.

தோலில் என்ன நடக்கிறது? சிட்ரால் தோலுக்குள் ஊடுருவி அங்கே உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளக்கூடியது. அப்படி ஒட்டிய புரதத்தை நம் உடம்பின் காவல் படை அந்நியன் என்று நினைத்து, அடையாளத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பத்தாம் நாளும் தெரியாமல் இருக்கலாம். பிறகு ஒரு நாள் அதே பொருள் மீண்டும் பட்டதும் படை கிளம்பிவிடும். ஒன்றிரண்டு நாளில் சிவப்பு, அரிப்பு, கொப்புளம். இதைத்தான் ஒவ்வாமை என்கிறோம். "இத்தனை நாள் போட்டேனே, ஒன்றும் செய்யவில்லையே" என்று அந்தத் தாய் கேட்டதற்கு விடை இதுதான். ஒரு முறை குறித்து வைத்த அடையாளத்தை உடம்பு எளிதில் மறக்காது. பெரும்பாலும் ஆயுள் முழுதும் நினைவு வைத்திருக்கும்.

எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. அளவோடு கலந்த சோப்பையும் அத்தரையும் பயன்படுத்தும் பெரும்பாலோருக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் கலக்காத எண்ணெயை நேராகப் பூசினால் ஒவ்வாமை இல்லாதவர்களுக்குக்கூடத் தோல் எரிந்து புண்ணாகலாம்.

அளவு என்றால் எவ்வளவு?

இதைச் சமையல் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். கறிக்கு ஒரு தண்டு தட்டிப் போடுகிறீர்கள். அதில் உள்ள எண்ணெய் சொற்பம். அதிலும் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். மீதியைக் குடும்பமே பங்கிட்டுச் சாப்பிடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறோம். ஆனால் ஒரு தேக்கரண்டி செராய் எண்ணெயில் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட புல்லின் சாரம் அடங்கியிருக்கிறது! ஒரு கட்டுப் புல்லை அரைத்து ஒரு குழந்தையின் கையில் அப்புவோமா? குப்பியில் அடைத்ததும் நமக்கு அது தெரியாமல் போகிறது.

வாசனைத் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். 1973இல் தொடங்கப்பட்ட அனைத்துலக வாசனைப் பொருள் சங்கம் எந்தெந்தப் பொருளில் சிட்ரால் எவ்வளவு சேரலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம் போன்றவற்றில் அது நூற்றுக்கு ஒரு பங்கையும் எட்டாது. ஐரோப்பாவில் 2003இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களின் பெயரைக் குப்பியில் தனியாக எழுத வேண்டும் என்பது அதன் கட்டளை. அந்தப் பட்டியலில் சிட்ராலும் உண்டு, லிமோனினும் உண்டு. பூசி விடும் பொருளில் 0.001 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலே பெயர் எழுதியாக வேண்டும். கழுவிவிடும் பொருளானால் 0.01 விழுக்காடு. 2023இல் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டிவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தால் நமக்கும் ஒரு நன்மை. பெரிய கம்பெனிகளின் சோப்பும் கிரீமும் இங்கே வரும்போதும் பல குப்பிகளில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. குப்பியின் பின்புறம் பொடி எழுத்தில், பட்டியலின் கடைசிப் பகுதியில் பாருங்கள். சி, ஐ, டி, ஆர், ஏ, எல் என்று ஆறு ஆங்கில எழுத்து. அதுதான் சிட்ரால். உங்களுக்குப் படிக்கச் சிரமமானால் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வீட்டுப்பாடம் வேறு உண்டா?

நம் நாட்டில் அழகுப் பொருள்கள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்த பொருளுக்கு என், ஓ, டி என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கொண்டு உங்கள் பிள்ளை கைப்பேசியிலேயே தேடிப் பார்த்துவிடலாம். கலவையும் எழுதாத, கம்பெனி பெயரும் இல்லாத, எண்ணும் இல்லாத குப்பி ஐந்து வெள்ளிக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

கொசுவுக்கு என்ன வழி?

"அப்படியானால் செராய் வாசனையால் பயனே இல்லையா, டீச்சர்?" என்று கேட்பீர்கள். கொஞ்சம் உண்டு. செராய் எண்ணெயும் செராய் வாங்கி எண்ணெயும் கொசுவை ஓரளவு விரட்டும். ஆனால் அவை சீக்கிரம் ஆவியாகிவிடும். ஒரு மணி, மிஞ்சிப் போனால் இரண்டு மணி நேரம். பிறகு காவல் இல்லை. வாசற்படியில் செராய் நட்டால் கொசு வராது என்பதும் நம்பக்கூடியதல்ல. வாசனை இலைக்குள் அடைபட்டிருக்கிறது. கசக்கினால்தானே வெளியே வரும்?

டிங்கிக் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் அதன் வேகம் அதிகம். பால்மரக் காட்டில் கைவிட்ட மங்குகளில் தேங்கும் மழைத் தண்ணீர், கூரைத் தகரத்தின் பீலி, பூஜைக் குடத்தின் அடித்தட்டு, பழைய டயர் ஆகியவைதாம் அதன் பிரசவ அறை. வாரம் ஒரு முறை கவிழ்த்து விடுங்கள். பூசுவதற்கு வேண்டுமானால் 'டீட்' கலந்த, அளவு எழுதிய கொசு விரட்டியை மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். குப்பியில் சொன்ன வயதையும் முறையையும் மீற வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

செராய், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய் எதையும் கலக்காமல் தோலில் பூசாதீர்கள். பெரியவர்கள் பூசியே ஆக வேண்டுமானால் இரண்டு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்க் குப்பியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எலுமிச்சை மணம் என்றால் பிள்ளைகளுக்கு மிட்டாய் நினைவுதான் வரும். தரை துடைக்கும் மருந்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். மஞ்சள் நிறமும் எலுமிச்சை மணமும் சேர்ந்தால் எந்தக் குழந்தை குடிக்காமல் இருக்கும்?

தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். 999ஐ அழையுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தோலில் பட்டு எரிந்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மேலே மஞ்சளோ பற்பசையோ அப்ப வேண்டாம்.

இன்னொன்று. எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்றவர்களுக்கு ஓரிரு நாளில் கையில் கொப்புளமும் பிறகு கறுத்த தழும்பும் வருவதுண்டு. அது சிட்ரால் செய்யும் வேலை அல்ல. எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் இருக்கும் வேறு சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுடுகின்றன. விருந்துக்கு ஊறுகாய் போடுகிறவர்கள் வேலை முடிந்ததும் கையைச் சோப்பால் கழுவிவிட்டு வெளியே போங்கள்.

முடிவாக ஒரு சொல்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னது வாசனைக்கும் பொருந்தும். செராயைக் கண்டு பயப்பட வேண்டாம். கறியில் போடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். குப்பியில் அடைத்த சாரத்தை மட்டும் மருந்தைப்போல் மரியாதையோடு நடத்துங்கள்.

அந்த மாணவி இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். கடைக்குப் போனால் சோப்பைத் திருப்பிப் பின்புறம் படித்த பிறகுதான் கூடையில் போடுகிறாளாம். "அவளால் எங்க லயத்துல எல்லாரும் படிக்கக் கத்துக்கிட்டோம் டீச்சர்" என்று அவள் தாய் சிரித்துக்கொண்டே சொன்னார். என் வகுப்பில் இப்போதும் செராய்த் தண்டை ஒடித்து முகரக் கொடுக்கிறேன். எலுமிச்சை மணம் எப்படி வந்தது என்று கேட்கிறேன். விடை சொல்லி முடித்ததும் பாடத்தை அங்கே நிறுத்துவதில்லை. எவ்வளவு, எங்கே, யாருக்கு என்ற மூன்று கேள்வியையும் கேட்டு விடை வாங்கிய பிறகே மணி அடிக்க விடுகிறேன்.